உப்பளத்துப் பக்கத்து மூலை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வயதாகியும் வரவில்லை. டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். காலாட்டுவது வீட்டுக்கு ஆகாது என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். இந்தக் கால் எங்கே ஆடப் பழகியது என்று எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் ஒரு நூல் மில்லின் மைதானத்து ஓரம் கிடந்த மரப் பெஞ்சில்தான் அது பழகியது.

அப்போது நான் அந்த மில்லில் பதிலி. காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே நிரந்தரமாக வேலை பார்ப்பவர்களில் எவனுக்காவது காய்ச்சல் வந்திருக்கிறதா, எவன் வீட்டிலாவது எழவு விழுந்திருக்கிறதா என்று மேஸ்திரி கணக்குப் பார்த்துவிட்டு வெளியே வருவார். எங்களில் இரண்டு மூன்று பேரை விரலால் காட்டுவார். மற்றவர்கள் திரும்ப வேண்டியதுதான். அடுத்தவனுக்கு உடம்புக்கு வரவேண்டும் என்று தினமும் விடிகாலையில் வேண்டிக்கொள்கிற பிழைப்பு. வேண்டிக்கொள்ளவில்லை என்று எந்தப் பதிலியாவது சொன்னால் நம்பாதீர்கள்.

மைதானத்தில் கதை வேறு. மில்லின் பாஸ்கெட் பால் அணியில் நான் முதல் ஐந்து பேரில் ஒருவன். பந்தை முன்னால் கொண்டுபோகிற கார்டு. என்னை ஊரிலிருந்து கூட்டிவந்ததே ஆட்டத்துக்காகத்தான். தாமிரபரணிக் கரையில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இந்த ஓட்டம் ஒன்றுதான் என்னை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் மில்களும் கம்பெனிகளும் அப்படித்தான் ஆள் பிடித்தன. ஆட்டத்துக்காக வேலை கொடுப்பார்கள், ஆட்டம் போனால் வேலையும் போகும்.

கல்யாணமாகி எட்டு மாதம். மில்லர்புரத்தில் ஓர் அறையும் ஒரு சமையல் மாடமும். புதுக்கோட்டையில் இருந்த மாமனார், 'மாப்பிள்ளைக்கு மில் வேலை' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெண் கொடுத்தவர். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "என்னம்மா, பெர்மனெண்ட் ஆயிட்டாராமா?" என்பார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் ஆனி மாதம் ஒரு தொடர் வந்தது. புதுத் துறைமுக வேலைக்காக ஊருக்கு வந்திருந்த ஒரு குத்தகைக்காரர், கிரேன் ஓட்டுகிறவர்கள், வெல்டர்கள் என்று வெளியூர் ஆட்களை வைத்து ஓர் அணி சேர்த்திருந்தார். ஐந்து ஆட்டம். மூன்றை முதலில் ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. அவர்களுக்கு மைதானம் கிடையாது, அதனால் ஐந்தும் எங்கள் மைதானத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலரை மணிக்கு.

தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் லேபர் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு இடம் காலி இருக்கு. ஜெயிச்சீங்கன்னா முதலாளிகிட்ட உம் பேரைச் சொல்லி பெர்மனெண்ட் வாங்கித் தாரேன். ஆனா கோப்பை ஜெயிக்கிற கடைசி ஆட்டத்துல நீ ஆடிருக்கணும். பெஞ்சுல இருந்தவனுக்கு நான் எப்படிப் பேச?"

பெஞ்சா? எனக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்காருவது எங்கள் அணியில் ஒரே ஓர் ஆளுக்கு உரிய உத்தியோகம். அவர் ஓர் அண்ணாச்சி. பனங்காட்டுப் பக்கத்து மனிதர், முப்பத்தெட்டு வயது, மில்லில் பதினைந்து வருடமாக நிரந்தரம். முட்டு வலி உண்டு. ஓடமாட்டார், குதிக்கமாட்டார். நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, ஏதோ யோசிப்பவர் போல ஒரு கணம் நின்று, பிறகு தள்ளுவார். அவர் பந்து போடுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம் என்று நான் கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். மில்லில் அவர் நிரந்தரம், நான் பதிலி. மைதானத்தில் நான் நிரந்தரம், அவர் பதிலி. இதை நினைத்து எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

முதல் ஆட்டம் தோற்றோம். அவர்களிடம் கிரேன் ஓட்டுகிற ஒரு நெட்டையன் இருந்தான். கூடைக்கு அடியில் போய் நின்றால் நகரமாட்டான். நாங்கள் போட்டுத் தவறின பந்தெல்லாம் அவன் கைக்குப் போயிற்று, அவர்கள் போட்டுத் தவறின பந்தும் அவன் கைக்குத்தான் போயிற்று. அவனுக்கு எதிராக நின்றவன் எங்கள் சென்டர். தருவைகுளத்தில் சங்கு குளிக்கிற குடும்பத்துப் பையன், என் வயசு, என் சினேகிதன்; சங்குக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீருக்கு அடியில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. கூடைக்கு அடியில் மூச்சடக்கி என்ன செய்ய?

மறுநாள் ஷிப்டு முடிந்து, மாஸ்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாஸ்டர் என்றால் ஸ்பின்னிங் மாஸ்டர். பகலில் நூலுக்கு, சாயங்காலத்தில் எங்களுக்கு. மேஜைமேல் நூல் சுற்றாத பாபின்களை நிறுத்தி ஆட்டத்தை விளக்குவது அவர் வழக்கம். நுனியில் ஆளுக்கு ஒரு வர்ணம். என்னுடையது பச்சை. நெட்டையனுக்கு மட்டும் ஒரு மண்ணெண்ணெய் விளக்குச் சிம்னி.

"நெட்டையனுக்கு முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன்" என்று இரண்டு பாபின்களைச் சிம்னிக்கு ஒட்டி வைத்தார். "பந்து அவன் கைக்கே போவப்பிடாது. அவங்கள்ல ஒருத்தன் சும்மா நிப்பான். நிக்கட்டும். அந்த வெல்டருக்குக் கூடை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது." பிறகு பச்சையை எடுத்து மேஜையின் அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போனார். "நம்ம கையில பந்து விழுந்த உடனே நீ ஓடு. திரும்பிப் பாக்காத. பந்து வரும்."

இரண்டாவது ஆட்டத்தில் ஓடினேன். பந்து வந்தது. கச்சான் காற்று, மேற்கேயிருந்து வருகிற சூடான காற்று, முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். லேபர் ஆபீசர் தூரத்திலிருந்தே தலையாட்டினார். அன்றைக்கு வீட்டில் என் மனைவி ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

அவர்களும் சும்மா இருப்பார்களா? மூன்றாவது ஆட்டத்தில் குறி தவறுகிற வெல்டரை உட்காரவைத்துவிட்டு, குறி பார்த்துப் போடுகிற இன்னொருவனை இறக்கினார்கள். நெட்டையன் கூடையை விட்டு நாலு எட்டு முன்னால் வந்து நின்று பந்து வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தான். அவனைச் சூழ்ந்த எங்கள் இரண்டு பேரும் வேலையில்லாமல் நின்றார்கள். எனக்கென்று ஒரு குள்ளனை அனுப்பினார்கள். அவன் என் வலது கைப் பக்கம் அட்டையாக ஒட்டிக்கொண்டான். எனக்கு இடது கையால் பந்து தட்ட வராது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தக் குள்ளன் இரண்டு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டான். நாலு தடவை பந்தைப் பறிகொடுத்தேன். ஐந்தாவது தடவை அவனைப் பிடித்துத் தள்ளினேன். பவுல். தோற்றோம். இனி இரண்டையும் ஜெயித்தால்தான் கோப்பை.

அடுத்த நாள் மேஜையில் பாபின்கள் நின்றன. எண்ணிப் பார்த்தேன். ஐந்து இருந்தது. பச்சை இல்லை. மாஸ்டர் சட்டைப் பைக்குள்ளிருந்து பச்சை நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அண்ணாச்சி ஆடுதாரு" என்றார்.

"அவரு ஓடமாட்டாரே மாஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓட வேண்டாம். நம்மள்ல நாலு பேர் வேகம். அவங்கள்ல வேகமான நாலு பேரு அந்த நாலு பேரைப் பிடிச்சாவணும். மிச்சம் நெட்டையன். அண்ணாச்சிக்கு அவன்தான் ஆளு." வெள்ளை நுனிப் பாபினை மேஜையின் மூலையில் கொண்டுபோய் வைத்தார். "இவரு இங்கன நிப்பாரு. நெட்டையன் வெளிய வந்தான்னா கூடைக்கு அடியில காலி. வரலைன்னா இவரு போடுவாரு."

எனக்குப் புரிந்தது. நல்ல யோசனை என்றும் புரிந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

நாலாவது ஆட்டம் முழுவதும் பெஞ்சில் இருந்தேன். அண்ணாச்சி கூடைக்கு முன்னால் நின்று பார்த்தால் இடது பக்க மூலையில் போய் நின்றார். நெட்டையன் போவதா வேண்டாமா என்று தவித்தான். அண்ணாச்சி நின்று, யோசித்து, தள்ளினார். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது பந்து போனபோது, அது வெளியே விழவேண்டும் என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். என் அணி, என் மில், என் கோப்பை. இருந்தும் கேட்டேன். அதுவும் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் சத்தம் வராமல். கால் அப்போதுதான் ஆட ஆரம்பித்தது. பெஞ்சு முழுக்க ஆடியது.

ஜெயித்தோம். லேபர் ஆபீசர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

இடையில் ஒரு நாள். நான் அறைக்கும் தெருவுக்குமாக நடந்தேன்.

"உக்காருங்களேன்" என்றாள் மனைவி. "தரை தேஞ்சிரும்."

"நாளைக்கும் உக்காரத்தான் போறேன்."

"ஜெயிச்சா சரிதானே?"

"எனக்கென்ன சரி?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனாள். அந்த வாரக் கடைசியில் அவள் அப்பா வருவார்.

ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் வாசலில் மேஸ்திரி என்னைக் காட்டவில்லை. வேலை கிடைக்காத பதிலிகள் ஆட்ட நாளில் மைதானத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பது எங்கள் மில் வழக்கம். எங்கள் மைதானம் செம்மண் தரை. நல்ல தண்ணீர் விட்டால் கச்சான் காற்றில் அரை மணியில் காய்ந்து புழுதி கிளம்பிவிடும். அதனால் பக்கத்து உப்பளத்திலிருந்து, உப்பு வாரின பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை டிரம்மில் கொண்டுவந்து தெளிப்போம். அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும், புழுதி அடங்கும். ஒரே ஒரு தொந்தரவு உண்டு. கிழக்கேயிருந்து ஈரமான கொண்டல் காற்று அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்துத் தரை சோப்புப் போட்டது போல வழுக்கும். ஐப்பசி மாதத்தில் அந்தத் தரையில் யாரும் ஆடமாட்டார்கள்.

டிரம் பக்கத்தில் நின்றபோது அந்த யோசனை எனக்கு வந்தது. வந்ததா, நானே தேடிப் போனேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த சங்குக்காரனை நிறுத்தினேன். "ஏலே, இன்னைக்கிக் காத்து எப்படி இருக்கும்?"

அவன் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை, கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். "சாயந்தரம் கொண்டல் திரும்பும். அஞ்சு மணிக்கு மேல. ஏன் கேக்க?"

"சும்மாதான்."

இரண்டாவது பாதியில் நாங்கள் உப்பளத்துப் பக்கத்துக் கூடையில் போட வேண்டியிருக்கும். மாஸ்டர் எப்போதும் அப்படித்தான் பக்கம் கேட்பார். அந்தக் கூடைக்கு இடது மூலை அண்ணாச்சியின் மூலை. மற்ற இடங்களுக்கெல்லாம் தகர டின்னில் மொண்டு ஒரு தகரம் தண்ணீர் தெளித்தேன். அந்த மூலைக்கு ஐந்து தகரம் விட்டேன். காய்ந்த பிறகு இன்னும் மூன்று. யாரும் கேட்கவில்லை. தண்ணீர் விடுகிறவனை யார் கவனிப்பார்கள்? அண்ணாச்சி வழுக்கி ஒரு தடவை விழுந்தால் போதும், எழுந்து ஓரமாகப் போய் உட்காருவார், மாஸ்டர் பைக்குள் கைவிட்டுப் பச்சையை எடுப்பார். இவ்வளவுதான் நினைத்தேன். அவர் முட்டு வலியைப் பற்றி நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

மத்தியானம் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தேன். மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். மூலை வெள்ளையாகப் பூத்திருந்தது. கச்சான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் பாதி, நான் பெஞ்சில். என் கண் ஆட்டத்தில் இல்லை. மில் சுவருக்கு மேலே போகிற புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை கடல் பக்கம் சாய்ந்தே இருந்தது. ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது.

இடைவேளையில் அண்ணாச்சி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பட்டைத் துணியை என்னிடம் கொடுத்தார்.

"முட்டுல இறுக்கிக் கட்டுலே. என் கைக்கு எட்ட மாட்டேங்கு."

கீழே உட்கார்ந்து கட்டினேன். முட்டு வீங்கியிருந்தது. முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"ஏன் இப்படிப் பதறுத? நீ வருவ. மாஸ்டர்ட்ட நானே சொல்லிருக்கேன், கடைசி நேரத்துல அவனை எறக்குங்க, நான் முழுசும் தாங்க மாட்டேன்னு." தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினார். "லேபர் ஆபீசர் சொன்னது எனக்கும் தெரியும்லா."

நான் துணியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி, அந்த மூலைக்குப் போகாதீங்க. ஐந்தாறு வார்த்தை. ஏன் என்று அவர் கேட்பார். விசில் ஊதினார்கள். எழுந்து போய்விட்டார்.

ஆனால் மாஸ்டர் என்னைக் காப்பாற்றினார். எதிர் அணியினர் இடது மூலையை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். அதனால் இரண்டாவது பாதியில் அண்ணாச்சியை வலது மூலைக்கு மாற்றினார். எனக்கு மூச்சு வந்தது. இனிமேல் கொண்டல் வந்தாலும் பாதகமில்லை. அண்ணாச்சி பந்து போட்டார், விழுந்தது. முதல் தடவையாகச் சத்தம் வரக் கைதட்டினேன்.

கடைசிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது எனக்குப் பதில் பந்தை முன்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்த எங்கள் இன்னொரு ஆளுக்கு ஐந்தாவது பவுல் விழுந்தது. வெளியே போக வேண்டியதுதான். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

உள்ளே போன உடனே என் இடது கன்னத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. மில் புகையைப் பார்த்தேன். அது ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது. கொண்டல் வந்துவிட்டது.

அந்த நாலு நிமிஷத்தில் நான் மோசமாக ஆடவில்லை. குள்ளனிடம் பந்தைக் கொடுக்கவில்லை. ஒரு கூடையும் போட்டேன். இருபது நொடி மிச்சம், ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம், பந்து எங்களிடம். மாஸ்டர் டைம் அவுட் கேட்டார். தரையில் குந்தி விரலால் மண்ணில் கீறினார்.

"இவ்வளவு நேரமும் வலது மூலை. இப்ப அவங்க எல்லாரும் அங்கதான் பாப்பாங்க. அண்ணாச்சி, நீங்க பழைய மூலைக்குப் போங்க. நீ பந்தைக் கொண்டுபோயி, குள்ளன் ஒன்னை இடது பக்கம் தள்ளுவாம்லா, தள்ளட்டும், அந்தப் பக்கமே போயி அண்ணாச்சிக்குக் குடு. அவ்வளவுதான்."

அண்ணாச்சி தலையாட்டினார். சங்குக்காரன் என் முதுகில் தட்டினான்.

பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். குள்ளன் வலது பக்கத்தை அடைத்தான். இடது பக்கம் திரும்பினேன். மாஸ்டர் சொன்னபடியே நடந்தது. நெட்டையன் கூடையை விட்டு நகரவில்லை. அண்ணாச்சி மூலையில் தனியாக நின்றார். சுற்றி யாரும் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அவர் காலடியைப் பார்த்தேன். சாயங்கால வெயிலில் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரிந்தது. ஈரம் என்று நினைத்தேன். பந்தை வாங்கி முழங்காலை மடக்கி அவர் எழும்பும்போது அந்தக் கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது. நான் கட்டிய துணி தெரிந்தது. அவர் பந்து போட்டால் கோப்பை, பெர்மனெண்ட், மாமனார், எல்லாம். இருந்தும் கை வரவில்லை. கொடுக்கவில்லை.

இடது கையாலேயே தட்டிக்கொண்டு கூடைக்குப் போனேன். நெட்டையனின் கை மேலேயிருந்து வந்தது. பந்து உப்பளத்துப் பக்கம் பறந்தது. பாயிண்ட் எழுதுகிற மேஜையில் மணி அடித்தார்கள், தோற்றோம்.

மாஸ்டர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, "ஏன்ல குடுக்கல?" என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்து பச்சைப் பாபினை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டத்தில் ஒருவன், "தானே போட்டு பேரு வாங்கணும்னு பாத்தாம்லா" என்றான். சங்குக்காரன் என்னிடம் பேசாமல் சைக்கிளை எடுத்தான். லேபர் ஆபீசரின் நாற்காலி காலியாக இருந்தது.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியத்துக்குத்தான் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். விளக்கம் சொல்ல வழியில்லை.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அண்ணாச்சி முட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"குடுத்திருக்கலாம்லே" என்றார். கோபமில்லை. "இன்னைக்கிப் பந்து கூடைல விழுந்திருக்கும். அந்த மூலை மட்டும் சிமெண்ட் போட்ட மாதிரி கெட்டியா இருந்துச்சு. மத்த இடமெல்லாம் காலு புழுதில நகட்டுது, அங்கன நின்னா அசையல. எவனோ நல்லா தண்ணி விட்டுருக்கான்."

நான் மூலைக்குப் போய்க் காலை வைத்தேன். வழுக்கவில்லை. குதிகாலால் தேய்த்தேன். சிமெண்ட்தான்; கருப்பாகத் தெரிந்தது அவர் நிழல். கொண்டல் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று திரும்பின உடனே உப்பு இளகிவிடாது, ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடித்தால்தான் இளகும் என்று உப்பளத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் வயல்காட்டுக்காரன். தண்ணீர் தெரியும், உப்பு தெரியாது. தெரிந்தது போல நினைத்துக்கொண்டு ஒருவரைக் கெடுக்கவும் போனேன், காப்பாற்றவும் போனேன். இரண்டும் உருப்படவில்லை.

அண்ணாச்சி நொண்டியபடி என்னைத் தாண்டிப் போனார். நின்று திரும்பினார்.

"நாளைக்கி எனக்கு முட்டு ஏலாது. லீவு சொல்லப்போறேன். நீ காலையில முன்னாடியே வந்து வாசல்ல நில்லு. மேஸ்திரிட்ட உன்னப் பத்திச் சொல்லிருக்கேன்."

மறுநாள் விடிந்தும் விடியாமல் மைதானம் வழியாக நடந்தேன். அந்த மூலையில் கால் வைத்தேன். சர்ரென்று இழுத்துக்கொண்டு போய் முழங்கையில் விழுந்தேன். எழுந்து, செம்மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மேஸ்திரி என்னைத்தான் முதலில் காட்டினார். அன்றைக்கு எட்டு மணி நேரம் அண்ணாச்சியின் இடத்தில் நின்று அவருடைய மெஷினில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டேன். கம்பியில் அவர் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எட்டுத் தகரம் தண்ணீரையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவர்ட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். அண்ணாச்சி வீடு மில் குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை. நான் தெரு முனை திரும்பும்போது அவர் பொதுக் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீர். நொண்டவில்லை. முட்டில் துணியும் இல்லை. வேகமாகத்தான் நடந்தார், லீவு போட வேண்டிய நடை இல்லை. என்னைப் பார்த்ததும் நின்று, வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார்.

"வேல கிடச்சுதாலே?"

சொல்ல வேண்டியதையெல்லாம் வழி முழுக்க அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"கிடச்சுது அண்ணாச்சி" என்றேன். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசல்வரை கூட நடந்தேன்.